கூத்தடிக்கும் வகுப்பு

பிள்ளைகளைக் கண்டிப்பதற்குத் தமிழில் வார்த்தைப் பஞ்சம் கிடையாது. அந்த வார்த்தைகளில் பாதி நாடக மேடையிலிருந்து எடுத்தவை. "என்னடா கூத்தடிக்கிறாய்?" என்கிறோம். "என்னிடம் நாடகம் ஆடாதே" என்கிறோம். "வேஷம் போடாதே", "கோமாளித்தனம் பண்ணாதே" என்று அதட்டுகிறோம். கூத்தையும் நாடகத்தையும் இவ்வளவு ஆசையாக வளர்த்த ஜனங்கள், வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அவற்றை வசவாகவே வைத்திருப்பது ஓர் ஆச்சரியந்தான்.

நாம் உபாத்தியாயர் வேலைக்கு வந்து இருபது வருஷமாகிறது. முதல் பத்து வருஷம் நாமும் இந்த வசவுகளைத் தாராளமாக வழங்கி வந்தோம். பிறகு ஒரு நாள் நமது வகுப்பே நிஜமாகக் கூத்தடிக்க ஆரம்பித்தது. அதனால் விளைந்த நன்மையையும், நாம் செய்த ஒரு பெரிய பிசகையும் நேயர்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நாம் இருப்பது திருவள்ளூர் ஜில்லாவில், கும்மிடிப்பூண்டி தாலுகாவைச் சேர்ந்த தேர்வாய் கண்டிகை வட்டாரம். ஆந்திர எல்லை இங்கிருந்து கூப்பிடு தூரம். ஒரு காலத்தில் ஆடுமாடு மேய்ந்த வெளிகளும் புதர்க் காடுகளும் இருந்த இடத்தில் இப்போது தொழிற்பேட்டை இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தை அதற்காக எடுத்தபோது ஊரார் பலமாக ஆட்சேபித்தார்கள். இருந்தாலும் தொழிற்பேட்டை வந்தது. டயர் தொழிற்சாலை வந்தது. வேலைக்காக நாலா திசையிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. ஆகவே நமது வகுப்பில் வீட்டில் தமிழ் பேசும் குழந்தையும், தெலுங்கு பேசும் குழந்தையும், பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்த குழந்தையும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும். ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்பிலிருந்து வரும் குழந்தைகளும் உண்டு. இத்தனை பேருக்கும் ஒரே புத்தகம், ஒரே கரும்பலகை, ஒரே உபாத்தியாயர்!

முதலில் கணக்கு வகுப்பைச் சொல்கிறோம். நாலாம் வகுப்பில் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று ஒரு கணக்கு வரும். 52-லிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். இரண்டிலிருந்து ஏழு போகாது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்று நாம் வருஷா வருஷம் சொல்வோம். பிள்ளைகளும் வருஷா வருஷம் தப்பாகப் போடுவார்கள். ஒரு நாள் அலுத்துப்போய், தரையில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு வீடுகள் வரைந்தோம். ஒன்றில் 'ஒன்றுகள்' குடும்பம். கையில் இரண்டு புளியங்கொட்டை. மற்றொன்றில் 'பத்துகள்' குடும்பம். பத்துப் பத்தாகத் துணியில் முடிந்த ஐந்து முடிச்சு. 27 வசூலிக்க ஒரு கடன்காரன். கடன்காரன் வந்து ஏழு கொட்டை கேட்டதும், ஒன்றுகள் வீட்டுப் பையன் அலறிப் புடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினான். அந்த வீட்டு எஜமானி பீகார்ச் சிறுமி. அவளுக்கு அப்போது தமிழில் பத்து வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் கதவைத் தட்டுகிறவன் எதற்கு வந்திருக்கிறான் என்பது எந்த பாஷைக்காரருக்கும் புரிகிற விஷயமல்லவா? ஒரு முடிச்சை எடுத்துக் கொடுத்தாள். அதை அவிழ்த்ததும் பன்னிரண்டாயிற்று. ஏழு போக ஐந்து மிச்சம். நாலு முடிச்சில் இரண்டு போக இரண்டு மிச்சம். விடை 25.

அத்துடன் முடிந்ததா? கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், "சார், அந்தக் கடனை எப்போ சார் திருப்பிக் குடுப்பாங்க?" என்று கேட்டது.

நாம் திகைத்துப் போனோம். இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் கடன் வாங்கிக் கொடுத்த நாம், அதைத் திருப்பிக் கொடுத்ததே இல்லை! உண்மையில் அது கடன் அல்ல. ஒரு பத்து ரூபாய் நோட்டைப் பத்து ஒற்றை ரூபாயாக மாற்றுவதுபோலச் சில்லறை மாற்றுகிற காரியம். 'கடன்' என்ற சொல்தான் பிள்ளைகளைக் குழப்பியது என்பதைப் புத்தகமோ பயிற்சிக் கல்லூரியோ நமக்குச் சொல்லவில்லை. இருபது நிமிஷ விளையாட்டு சொல்லிற்று. அன்று முதல் நமது வகுப்பில் 'சில்லறை மாற்றிக் கழித்தல்' என்றே வழங்குகிறோம்.

இந்த ருசி கண்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? இந்தப் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் இரவெல்லாம் பாரதக் கூத்து நடக்கும். பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்து நிற்பார்கள். திரைக்குப் பின்னால் சலங்கை குலுங்கும். வேஷக்காரர் தம்மைப் பற்றிப் பாடிக்கொண்டே வெளிப்படுவார். உடனே கட்டியங்காரன் எதிரே வந்து, "ஐயா, தாங்கள் யார்? எந்த ஊர்? எதற்காக இந்தச் சபைக்கு வந்தீர்?" என்ற தோரணையில் விசாரிப்பான். ராஜாவானாலும் அவனுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சற்று யோசித்துப் பார்த்தால், இதைவிட நல்ல பாட முறை ஏது? படித்ததை ஒப்பிப்பதற்குப் பதிலாக, படித்த பொருளாகவே மாறிச் சபையில் நின்று, குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். புரியாமல் மனப்பாடம் செய்தவன் கட்டியங்காரனிடம் தப்ப முடியாது.

'நமக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது?' என்ற பாடத்தை இப்படி நடத்தினோம். இங்கே கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்துச் சென்னை நகரின் குடிநீருக்காக ஒரு நீர்த்தேக்கம் கட்டியிருக்கிறார்கள். 380 கோடி ரூபாய் செலவில் எழுந்து, 2020-ம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி திறக்கப்பட்டது. 500 மில்லியன் கன அடி தண்ணீர் பிடிக்கும். வகுப்பறை மேஜைத் துணிதான் திரை. சலங்கைக்குப் பதில் ஒரு சாவிக் கொத்து. கிருஷ்ணா நதி வேஷம் கட்டியவன் தெலுங்கு வீட்டுப் பிள்ளை. மகாபலேசுவரத்தில் பிறந்தேன், ஸ்ரீசைலம் வந்தேன், சோமசீலையில் தங்கினேன், கண்டலேறு வந்து சேர்ந்தேன் என்று தெலுங்கிலேயே முழங்கிக்கொண்டு வந்தான். கண்டலேற்றிலிருந்து பூண்டி வரை 177 கிலோமீட்டர் கால்வாய். ஊத்துக்கோட்டைக்கு அருகே எல்லை தாண்டியதும், சட்டென்று தமிழுக்கு மாறினான்! நாம் சொல்லிக் கொடுத்தது அல்ல அது. அவனே செய்த யுக்தி. தினந்தோறும் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் அவன் தாண்டுகிற எல்லையல்லவா அது! வகுப்பு முழுவதும் கைதட்டிற்று. 1983-ல் இரண்டு ராஜ்யங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையையும், 1996-ல் முதன்முதலாகப் பூண்டிக்குத் தண்ணீர் வந்ததையும் பிறகு சொன்னபோது, தங்கள் வீட்டுச் செய்திபோல் கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்தாற்போல் நீர்த்தேக்கம் வேஷம் கட்டிய பெண் வந்தாள். கட்டியங்காரனாக நின்ற பையன், நாம் எழுதிக் கொடுத்திருந்த கேள்விகளை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, எழுதிக் கொடுக்காத ஒன்றையும் கேட்டான்: "நீ உக்காந்திருக்கிற எடத்துல எங்க தாத்தா நெலம் இருந்துச்சே, அது உனக்குத் தெரியுமா?" நீர்த்தேக்கம் பதில் சொல்லவில்லை, நம்மைப் பார்த்தது. நமக்கும் உடனே பதில் வரவில்லை. பட்டணத்தின் தாகமும் கிராமத்தின் நிலமும் ஒன்றையொன்று எதிர்ப்படுகிற அந்தக் கேள்வியைப் பெரியவர்களே இன்னும் தீர்த்து முடிக்கவில்லை. மறுநாள் அதைப் பற்றி எழுதி வரச் சொன்னோம். எப்போதும் மூன்று வரிக்குமேல் எழுதாத பிள்ளைகள் ஒரு பக்கம் எழுதி வந்தார்கள்.

இதெல்லாம் நமது கண்டுபிடிப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் சாம்ப்டிங் என்ற சிறு கிராமத்துப் பள்ளியின் தலைமையாசிரியை ஹாரியெட் பின்லே ஜான்சன், சரித்திரம், பூகோளம் எல்லாவற்றையும் பிள்ளைகளே அமைத்து நடிக்கும் நாடகங்களாக நடத்தி வந்தார். கேம்பிரிட்ஜில் கால்டுவெல் குக் என்ற ஆசிரியர் 1917-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நம் தேசத்தில் மகாகவி ரவீந்திரர் 1901-ல் சாந்திநிகேதனப் பள்ளியைத் தொடங்கியபின், பிள்ளைகள் நடிப்பதற்கென்றே சரத்காலத் திருநாளைப் பற்றி 1908-ல் 'சாரதோத்ஸவ்' நாடகத்தை எழுதிக் கொடுத்தார். குஜராத்தில் பாவநகரில் 1920-ல் பாலர் பள்ளி ஆரம்பித்த கிஜுபாய் பதேகா, 'திவாஸ்வப்னா' - பகற்கனவு - என்ற புத்தகத்தில் ஓர் உபாத்தியாயர் நாலாம் வகுப்பைக் கதையாலும் விளையாட்டாலும் நாடகத்தாலும் ஒரு வருஷம் நடத்திக் காட்டுவதை வர்ணித்திருக்கிறார். நமது தொழிலில் இருப்பவர்கள் அதைப் படித்தால் முதலில் பொறாமை வரும். பிறகு வெட்கம் வரும்.

தமிழ்நாட்டில் பிள்ளைகளைக் கொண்டு நாடகம் நடத்திய பரம்பரை வேறு விதமானது. சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் 1918-ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அதில் சேர்ந்தபோது டி. கே. சண்முகத்துக்கு வயது ஆறு. அப்படிப்பட்ட பாலர் சபைகளில் வளர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கான பாட்டுக்களையும் வசனங்களையும் காதால் கேட்டே கற்றார்கள். அவர்களுடைய தமிழ் உச்சரிப்பு இன்றைக்கும் பொறாமைப்படத் தக்கது. ஆனால் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை. கொட்டகைதான் வீடு, நாடகந்தான் பிழைப்பு. இந்தக் குறையை உணர்ந்து, காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் கட்டைக்கூத்துக் குருகுலம் ஒன்றை 2002 முதல் 2020 வரை நடத்தினார்கள். அங்கே ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் கூத்துக் கற்றார்கள்; கூத்தோடு பள்ளிப் பாடமும் கற்றார்கள். கூத்துக்காகப் படிப்பைக் கைவிட வேண்டியதில்லை என்பதை அது காட்டிற்று.

இன்னும் நமக்கு அருகாமையிலேயே ஒரு செய்தி உண்டு. சர்க்காரின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-ம் வருஷம் ஜூன் 13-ந் தேதி நமது ஜில்லாவிலுள்ள அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் துவங்கிற்று. பாட்டு, கதை, பொம்மை, நடிப்பு இவற்றின் மூலம் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிப்பது அதன் வழி. ஆக, நாடகம் இப்போது கொல்லைப்புற வழியாக அல்லாமல் வாசல் வழியாகவே வகுப்புக்குள் வந்திருக்கிறது. வந்த விருந்தாளியை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதே கேள்வி. இனி நமது பிசகைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு வருஷம் ஜூலை மாதம். ஆறாம் வகுப்பில் போலீஸ், நீதிமன்றம் பற்றிய பாடம். வழக்கம்போல் நாடகமாக்கினோம். நீதிபதி, வக்கீல், ஜவான் வேஷங்களுக்குப் போட்டி பலமாக இருந்தது. திருடன் வேஷத்துக்கு ஒருவரும் வரவில்லை. பின் வரிசையில் ஒரு பையன் இருந்தான். நன்றாக ஓடுவான், மரம் ஏறுவான், அதிகம் பேச மாட்டான். "நீ வாடா" என்றோம். வந்தான். பிரமாதமாகச் செய்தான். ஜன்னல் ஏறிக் குதித்ததையும், பிடிபட்டதும் விழித்ததையும் பார்த்து வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நாமும் சிரித்தோம்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு வாரம் கழித்து, மாலையில் பள்ளி விட்டதும் ஏரிக்கரைக் குடியிருப்புக்குப் போனோம். அவனுடைய தாயார் விறகை இறக்கி வைத்துவிட்டு நம்மை உட்காரச் சொன்னாள். காய்ச்சலா, என்னவென்று விசாரித்தோம். அவள் குரலை உயர்த்தவில்லை.

"சார், வகுப்புல இத்தினி புள்ளைங்க இருக்குது. திருடன் வேஷத்துக்கு எங்க புள்ளதான் ஆப்டானா?"

நாம் பதில் சொல்லவில்லை. நாடகம் முடிந்த பிறகும், வீடு திரும்பும் வழியெல்லாம் மற்றப் பிள்ளைகள் அவனை அந்தப் பெயர் சொல்லியே கூப்பிட்டிருக்கிறார்கள். ஊரில் எங்கே ஒரு சாமான் காணாமற் போனாலும் முதலில் இருளர் குடிசையைத் தேடுகிற வழக்கம் எத்தனை காலமாக இருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியாததா? ஊர் அவன் தலையில் ஏற்கெனவே கட்டி வைத்திருந்த வேஷத்தைத்தான் நாம் வகுப்பில் வைத்து மறுபடியும் கட்டியிருக்கிறோம். அவன் நன்றாக நடித்தான் என்று மெச்சிக்கொண்டது இன்னும் கேவலம். வேஷம் என்பது மற்றப் பிள்ளைகளுக்கு மாட்டிக் கழற்றுகிற சட்டை. அவனுக்கு அது தோலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். தாயாரிடமும் கேட்டோம், பையனிடமும் கேட்டோம். அவன் ஒன்றும் சொல்லாமல் கால் விரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். மறு வாரம் பள்ளிக்கு வந்தான். அன்றைக்கு அதே நாடகத்தை மறுபடியும் போட்டோம். இந்தத் தடவை திருடன் வேஷம் உபாத்தியாயருக்கு! தொந்தியும் வழுக்கையுமாக ஒரு திருடன் ஜன்னலில் ஏற முடியாமல் திண்டாடியதைப் பார்த்து வகுப்பு சிரித்தது. அந்தப் பையன் சிரித்தானா என்று பார்க்க நமக்குத் தைரியம் வரவில்லை.

ஆகஸ்டு மாதம் வந்தது. சுதந்திர தினத்தை ஒட்டி வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தை எடுத்துக்கொண்டோம். 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜியின் தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார்கள். தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். இந்த இடத்தில் கதையை நிறுத்தினோம். கலெக்டர் வேஷத்தை நாமே எடுத்துக்கொண்டு, தலையில் ஒரு குல்லாயைக் கவிழ்த்துக்கொண்டு, "எவன் சோறு போடுகிறான் என்று பார்க்கிறேன்!" என்று உறுமினோம். பத்துப் பேர் தொண்டர்கள். நாலு பேர் போலீஸ். மற்றவர்கள் எல்லாரும் வழிநெடுகக் கிராமத்தார். தொண்டர்கள் பசியோடு வருகிறார்கள். இனி நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஒருத்தி, "ராத்திரியில கொண்டுபோய்க் குடுப்போம்" என்றாள். போலீஸ் ராத்திரியிலும் ரோந்து வரும் என்றோம். ஒருவன், வைக்கோற் போரில் ஒளித்து வைக்கலாம் என்றான். போர் யாருடையது என்று கேட்டுச் சொந்தக்காரனைப் பிடிப்பேன் என்றோம். வகுப்பு யோசித்தது. கலெக்டர் வெற்றிப் புன்னகை பூத்தார். அப்போது பின் வரிசையிலிருந்து, ஜூலை மாதத்துக்குப் பிறகு வகுப்பில் வாயே திறக்காத நமது பையன் எழுந்தான்.

"மரத்துல கட்டித் தொங்கவுட்டுட்டு வந்துடலாம் சார். யாரு கட்னதுன்னு மரமா சொல்லப் போவுது?"

கலெக்டர் துரைக்குப் பேச்சு வரவில்லை. குல்லாயைக் கழற்றி மேஜைமேல் வைத்தோம். "தஞ்சாவூர் ஜில்லா ஜனங்கள் 1930-ல் செய்ததும் அதுதான்" என்றோம். சாலை ஓர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். தொண்டர்கள் சாப்பிட்டுக்கொண்டே நடந்தார்கள். ஏப்ரல் 30-ந் தேதி வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார்கள். இதைக் கேட்டதும் முப்பது தலைகளும் பின் வரிசைப் பக்கம் திரும்பின. அவன் உட்கார்ந்துவிட்டான். ஆனால் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

அன்றுடன் அந்தப் பழைய பெயர் அடியோடு மறைந்துபோயிற்று என்று நாம் சொல்ல மாட்டோம். சண்டை வந்தபோது ஒன்றிரண்டு தடவை தலைகாட்டிற்று. ஆயினும் அவன் பிறகு ஒரு நாளும் காரணமின்றிப் பள்ளிக்கு வராமல் இருந்ததில்லை.

இதிலிருந்து நாம் சில விதிகளை ஏற்படுத்திக்கொண்டோம். ஊர் எந்தப் பெயரால் ஒரு குழந்தையை இழிவு செய்கிறதோ, அந்த வேஷத்தை அந்தக் குழந்தைக்குத் தரக் கூடாது. பொல்லாத வேஷம் எல்லாம் உபாத்தியாயருடையது. நாடகத்தின் நடுவில் வேஷங்களை ஒரு தடவையாவது மாற்ற வேண்டும்; கேள்வி கேட்டவன் பதில் சொல்ல வேண்டும். முடிந்ததும் வேஷம் கலைக்க வேண்டும். அதாவது ஒவ்வொருவரும் வரிசையாக நின்று தம்முடைய சொந்தப் பெயரை உரக்கச் சொல்லிவிட்டே இடத்துக்குப் போக வேண்டும். கடைசியாக, நடித்ததைப் பற்றி எழுத வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு துணி, ஒரு சாவிக் கொத்து, இருபது நிமிஷம் போதும். ஆண்டு விழா நாடகம் வேறு. அதில் சமர்த்துப் பிள்ளைகள் நாலு பேர் ராஜாவாகவும் மந்திரியாகவும் நிற்பார்கள், மற்றவர்கள் மரமாக நிற்பார்கள். வகுப்பு நாடகத்தில் சும்மா பார்த்துக்கொண்டிருப்பவர் யாரும் கிடையாது.

ஆட்சேபணைகளும் உண்டு. பக்கத்து வகுப்பு உபாத்தியாயர், சத்தம் தாங்கவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் சொல்வது நியாயமே. இப்போதெல்லாம் சத்தமான காட்சிகளை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோகிறோம். வாய்பாடு நாடகத்தால் வராது. அதை உருப் போட்டுத்தான் ஆக வேண்டும். எழுத்துப் பிழைக்கும் எழுதி எழுதித்தான் மருந்து. எல்லாப் பாடத்துக்கும் திரை பிடித்தால் பிள்ளைகளுக்கும் அலுத்துவிடும். வாரத்துக்கு ஒன்றிரண்டு போதும்.

பெற்றோர்களாகிய நேயர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் 'டீச்சர் விளையாட்டு' விளையாடும்போது, காய்கறி வாங்கி வரச் சொல்லி அதைக் கலைத்துவிடாதீர்கள். சற்று மறைந்து நின்று கேளுங்கள். சென்ற மாதம் மத்தியான இடைவேளையில், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நாலைந்து சிறுமிகள் இப்படி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் குச்சியோடு நின்றாள். நடையும் கனைப்பும் பார்த்ததுமே அவள் போட்டிருக்கும் வேஷம் யாருடையது என்று நமக்குத் தெரிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த சிறுமி ஏதோ தப்பாகப் பதில் சொல்ல, இவள், "உனக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வத்துது. உக்காரு!" என்றாள்.

அந்த வார்த்தையை எப்போது, யாரிடம் சொன்னோம் என்று நமக்கு ஞாபகமில்லை. ஆனால் குரல் நம்முடையதுதான். மணி அடிக்கிற வரையில் மரத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டு, மெதுவாக வகுப்புக்குப் போனோம்.